உத்தரியம்

உடுத்தியிருந்ததையெல்லாம் கழற்றி மூடி போட்ட தொட்டிக்குள் போட்டுவிட்டு, லூர்துபிரகாஷ் ஷவருக்கு அடியில் நின்று தோல் எரிய எரியத் தேய்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை, முதல் ஷிப்ட் விட்ட நேரம். கூட இருந்தவர்கள் காக்காய்க் குளியல் போட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் நகக்கண், காதுமடல், தொப்புள் என்று ஓர் இடம் விடாமல் நுரை போட்டான். வீட்டில் நாலு வயது மகள் மதலேன் இருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி, மேலுதடு வீங்கி, மூச்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சொட்டு மருந்தில் அடங்கிவிட்டது. அடுத்த தடவையும் அடங்கும் என்று சொல்ல முடியாது, தொண்டை அடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரி வாசல்வரைகூடத் தாங்காது என்று குழந்தைகள் டாக்டர் ஹேமலதா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவன் வேலை செய்தது சேதராப்பட்டுப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில். அங்கே அமாக்ஸிசிலின் என்கிற மருந்துக்கு மட்டும் தனிக் கட்டடம், தனிக் காற்றுக் குழாய், தனி வாசல். டிரம்மில் வெள்ளை மாவாக வருகிற மருந்தை அள்ளித் தராசில் நிறுத்து, கேப்சூல் அடிக்கிற பக்கம் அனுப்புவது இவன் பாடு. ஊருக்கெல்லாம் காய்ச்சலை இறக்கிச் சீழை ஆற்றுகிற மருந்துதான். நோயாளி வயிற்றுக்குள் போனால் மருந்து; அள்ளுகிறவன் மூக்கிலும் தோலிலும் நாள் தவறாமல் ஏறினால் அதற்குப் பெயர் வேறு. சில உடம்பு வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, ஒரு நாள் எதிரியைக் கண்ட மாதிரி எகிறும். அப்புறம் தூசு பட்டாலே போதும். இவனோடு அள்ளிக்கொண்டிருந்த பக்கிரிக்கு அப்படித்தான் கண் இரண்டும் எலுமிச்சம்பழமாய் வீங்கி இழுப்பு வந்தது. இப்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறான். அந்தக் கட்டடத்துப் பக்கம் அவனால் நடந்துகூடப் போக முடியாது.

லூர்துபிரகாஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது பிள்ளைக்கு. போன மழைக்காலத்தில் காதுவலிக்கு அவளுக்கு ஒரு சிரப் கொடுத்தார்கள். கொடுத்த கொஞ்ச நேரத்தில் மதலேன் முகம் மாறிப்போனது. டாக்டர் புட்டியைத் திருப்பிப் பார்த்தார், அதிலும் அதே அமாக்ஸிசிலின்தான், அப்பா என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். அப்பன் உடம்போடு தினம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வந்ததில் பிள்ளை உடம்பு பழகாமல் பகைத்துக்கொண்டிருக்கலாம், இனி இந்த ஜாதி மருந்து எந்த வடிவத்திலும் அவள் கிட்டே வரக் கூடாது என்றார்.

அன்றையிலிருந்து அவன் செய்யாதது இல்லை. பை, செருப்பு எல்லாம் கம்பெனி லாக்கரோடு சரி. வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஒரு குளியல். வேலை நாளில் படுக்கை வெளி வராந்தாவில். வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசர் செம்மலிடம் இரண்டு முறை போய் நின்றான். கேட்டில் வாட்ச்மேன் வேலைதான் காலி, அதுவும் கான்ட்ராக்ட், சம்மதமா என்றார் அவர். நாயாய் அலைந்து பர்மனென்ட் ஆனவன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டான். இத்தனைக்கும் பிறகு பிள்ளைக்கு மறுபடி மறுபடி தடித்தது. அதுவும் அவன் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து.

ஷவரை மூடிவிட்டு ஈரத் தலையோடு வெளியே வந்தான். சுவரில் இருந்த ஆணியிலிருந்து உத்தரியத்தை எடுத்து முத்தமிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

உத்தரியம் என்றால் வேதக்காரர்கள் சட்டைக்குள்ளே போடுகிறது. தீப்பெட்டி அளவில் பழுப்புக் கம்பளித் துணி இரண்டு துண்டு, நடுவில் நாடா. ஒன்று நெஞ்சில் கிடக்கும், ஒன்று முதுகில். மாதா படம் தைத்திருக்கும். அதைப் போட்டபடியே செத்தவனுக்கு நரக நெருப்பு இல்லை. சின்ன வயதில் கோயிலில் முதல்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை வாங்கிய அன்றைக்கு, வேளாங்கண்ணி என்ற அவன் அம்மா போட்டுவிட்டது. நைந்தால் மாற்றுவார்களே தவிரக் கழற்றுவது கிடையாது. குளிக்கும்போது கழற்றினால் பாவமில்லை என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். சோப்புத் தண்ணீர் மாதா மேல் வழியக் கூடாது என்று அவனும் ஒரு நியாயம் வைத்திருந்தான்.

கோளாறு இதுதான். வேறு மர்மம் ஒன்றும் இல்லை. வேலைக்குள் அது போனது, குளியலுக்குள் போகவில்லை. நகை, வாட்ச், மோதிரம் உள்ளே வரக் கூடாது என்று போர்டு இருந்தது. அதைப் படிக்காதவன் கிடையாது. ஆனால் சாமி சமாச்சாரத்தை எவன் நகை என்பான்? சோதிக்கிறவர்களும் அதைப் பார்த்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அதைவிட மோசம், ஒவ்வொரு டிரம்மின் வாய்க்கட்டையும் அறுத்துத் திறக்கும்போதும் அவன் கையுறைக் கையைக் கழுத்து வழியாக உள்ளே விட்டு மாதாவைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வான். பிள்ளைக்கு உடம்புக்கு வந்த நாளிலிருந்து இன்னும் கூடுதலாகத் தொட்டான். காப்பாற்று தாயே என்று விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பளி அத்தனை மாவையும் குடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, அவர்கள் குடியிருந்த நெல்லித்தோப்பே அசந்து கிடந்த நேரம். அவன் மனைவி பிரிஸ்கில்லா கோயிலில் நடக்கும் மரியாயின் சேனை ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். கதவருகே நின்று செருப்பில் காலை நுழைத்தபடி சொன்னாள்.

"தூக்கம் வந்துச்சுன்னா பாயில போட்டு தட்டிக் குடுங்க. மேல போட்டுக்காதீங்க."

"ரெண்டு வாட்டி குளிச்சாச்சுடி."

"போன வாரமும்தான் குளிச்சீங்க."

அவள் போனதும் மதலேன் சிணுங்க ஆரம்பித்தாள். பாயில் போட்டான், உருண்டு வந்தாள். தட்டிக் கொடுத்தான், கையைத் தள்ளினாள். கைக்குழந்தையிலிருந்தே அவளுக்கு ஒரே ஒரு வழிதான். அப்பன் நெஞ்சில் குப்புறப் படுத்து, சட்டைக்குள் கையை விட்டு, அந்தக் கம்பளித் துண்டின் மூலையை வாயில் வைத்துச் சப்பினால்தான் கண் மூடும். மாதாவைச் சப்பிக்கொண்டு தூங்குகிறதே என்று பிரிஸ்கில்லாவே முன்பெல்லாம் பூரித்துப்போவாள்.

"பப்பா, மாதா குடு," என்றாள் பிள்ளை, கண்ணில் நீரோடு.

வாரம் முழுக்க வராந்தாவில் கிடந்தவன். சோப்பு வாசனை மாறாத தன் கையை முகர்ந்து பார்த்தான். இதற்குமேல் எந்த மனுஷன் சுத்தமாக இருக்க முடியும் என்று தோன்றியது. தூக்கி மேலே போட்டுக்கொண்டான்.

அவள் உதடு அசைவது நெஞ்சில் இதமாக இருந்தது. அவனுக்கும் கண் செருகியது. எழுப்பியது இருமல். காய்ந்த, சின்ன இருமல். பிறகு அவள் கழுத்தைச் சொறிந்தாள். பிறகு காதை. எழுந்து உட்கார்ந்து பார்த்தபோது கழுத்திலிருந்து வயிறுவரை திட்டுத் திட்டாகச் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது. சொட்டு மருந்தைத் தேடி எடுத்து வாயில் விட்டான். பாதி வழிந்தது. "பப்பா" என்று கூப்பிட்டாள். குரல் அவள் குரலாக இல்லை. கிழவன் ஒருவன் உள்ளே உட்கார்ந்து பேசுகிற மாதிரி கரகரத்தது. குரல் மாறினால் ஒரு நொடி நிற்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தூக்கப் போனவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தொட்டுத்தானே இப்படி ஆனது. வாசலுக்கு ஓடி எதிர்வீட்டு அஞ்சலாட்சியைக் கூப்பிட்டான். பூக்கட்டிக்கொண்டிருந்தவள் மடியில் இருந்ததைக் கொட்டிவிட்டு வந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். தெருமுனையில் ஆட்டோவுக்குள் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த அமலநாதனை உலுக்கினான். அவர் பிள்ளை முகத்தைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார்.

அஞ்சலாட்சி பின்னால் பிள்ளையோடு. இவன் முன்னால் அமலநாதன் சீட்டில் பாதி உடம்போடு தொத்திக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். அவள் நெஞ்சுக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒட்டிப் பிரிந்தது. அஞ்சலாட்சி "கண்ணு தொறந்துக்கோடி தங்கம், தோ வந்துருச்சி" என்று ஒரே வார்த்தையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அமலநாதன் வழிவிடாத ஒருத்தனைப் பார்த்து, உங்கப்பன் ரோடா என்று ஆரம்பித்து அவன் வம்சத்தை முழுக்க இழுத்துவிட்டு, அதே மூச்சில் அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னார்.

காந்தி வீதியில் வண்டி நின்றது. சண்டே மார்க்கெட். நடுரோடு வரைக்கும் சட்டையும் செருப்பும் பிளாஸ்டிக் வாளியும் குவிந்து கிடக்க, ஊர் ஜனமும் வெளியூர் ஜனமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நகர்ந்தன. எதிரே ஒரு குட்டியானை லோடு வண்டி ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் குறுக்கே நின்றது. அமலநாதன் ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீதியில் ஆரன் அடிக்காத வண்டி ஏது.

"டேய் பிரகாசு, இது ஆவாது," என்றார். "தூக்கிகினு ஓடு."

அஞ்சலாட்சி முழங்கால் தேய்ந்தவள், ஓட முடியாது. அமலநாதனுக்கோ வயிறு முன்னே நின்றது. ஓடினால் இவன்தான் ஓட வேண்டும். பிள்ளை உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைத் தொடப் பயந்து அரை நொடி நின்றான். பிறகு சட்டையைப் பிடித்துக் கிழித்து, பொத்தான்கள் தெறிக்க, கழற்றி ரோட்டில் எறிந்தான். சட்டையில்தான் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். தன்னுடைய ஒரு நூல்கூட அவள் மேல் படக் கூடாது. வெறும் உடம்போடு அவளை வாங்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தான்.

உத்தரியம் நெஞ்சில் கிடந்தது. அதன் மேல்தான் அவள் முகம் பதிந்திருந்தது.

வழி விடுங்க என்று கத்த நினைத்தான், மூச்சு ஓடுவதற்கே பற்றவில்லை. வேட்டி மட்டும் கட்டிய ஒருத்தன் பிள்ளையோடு வருவதைப் பார்த்துச் சிலர் ஒதுங்கினார்கள், சிலர் குடிகாரன் என்று திட்டினார்கள். மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் ஓடியது. ஓடுகிற வேகத்தில் அவன் கை அவளை இன்னும் இறுக்கித் துணியோடு சேர்த்து அழுத்தியது. பூனைக்குட்டிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சத்தம் குறைந்தது அவனுக்கு நிம்மதியாக இல்லை. பார்க்குக்குப் பக்கத்தில் திரும்பி ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தபோது அவள் தலை அவன் தோளில் துவண்டு கிடந்தது.

அன்றைக்கு டூட்டியில் ஹேமலதாவே இருந்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார். பிள்ளையை அவன் கையிலிருந்து பிடுங்கிய மாதிரி வாங்கிக் கட்டிலில் கிடத்தி, கவுனைத் தூக்கித் தொடையில் ஊசியைக் குத்தினார். முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். காலைத் தூக்கி வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு ஊசி என்றார். குத்தினார்கள். லூர்துபிரகாஷ் சுவரோடு சுவராக நின்றான். ஆளாளுக்கு அவனைத் தாண்டி ஓடினார்கள். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

நெஞ்சு ஒரு தடவை பெரிதாக எழும்பியது. அப்புறம் இன்னொரு தடவை. மதலேன் வாயைத் திறந்தாள். அழுகை வர நேரம் ஆனது. வந்தது. கரகரப்பாக, கோபமாக. ஹேமலதா நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சோறும் கறியும், தினம் சாப்பிடுகிறதுதான். மாத்திரை, மருந்து? ஒன்றும் கிடையாது. வாயில் எதையாவது வைத்தாளா? ஒன்றும் வைக்கவில்லை டாக்டர், என் மேலதான் படுத்திருந்தா என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். குளித்திருந்தேன் டாக்டர், ரெண்டு வாட்டி குளித்திருந்தேன் என்றான்.

பிரிஸ்கில்லா வந்தாள். எவனோ போன் போட்டிருக்கிறான். கட்டிலுக்குப் போய்ப் பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தே நின்றாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தபோது அவள் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தாள்.

"அது ஏன் ஈரமா இருக்குது?"

"ஓடியாந்தேன். வேர்வை."

"மூலையில மட்டுமா வேர்த்துச்சு?"

அவன் குனிந்து பார்த்தான். கம்பளித் துண்டின் ஒரு முனை எச்சிலில் ஊறி, பல் பட்டுச் சுருங்கியிருந்தது.

"உள்ள போறப்ப இதக் கழட்டுவியா, மாட்டியா?" என்றாள். அவனை அவள் நீ என்று சொன்னதே இல்லை.

"இது சாமிதுடி."

"கேட்டதுக்கு பதில் சொல்லு."

"கழட்ட மாட்டேன். குளிக்கறப்பதான்..."

தான் சொன்னதைத் தானே கேட்டான். ஆணி நினைவுக்கு வந்தது. டிரம் திறக்கும்போதெல்லாம் உள்ளே போன கை நினைவுக்கு வந்தது. பிள்ளைக்காக என்று அழுத்தி அழுத்திப் பிடித்ததும். அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

ஹேமலதா ஒரு பாலித்தீன் கவரை நீட்டினார். உதறாமல், மெதுவாக, தலை வழியாக எடுத்து இதில் போடுங்கள், வாயைக் கட்டுங்கள் என்றார். புதுநன்மையிலிருந்து குளியலைத் தவிர வேறு எதற்காகவும் அந்த இடம் வெறுமையாக இருந்ததில்லை. மாதாவைக் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டான். அதை ஆஸ்பத்திரிக் குப்பையிலும் போட முடியாது, வீட்டிலும் எரிக்க முடியாது, கம்பெனியில் அந்த மருந்துக் கழிவோடு போக வேண்டிய பொருள் என்று டாக்டர் சொன்னார். போய்த் தலையோடு குளித்துவிட்டு வாருங்கள், அதுவரை இந்தக் கட்டில் பக்கம் வராதீர்கள், ராத்திரி முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும், இது திரும்பவும் வரலாம் என்றார்.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் குளித்தான். அஞ்சலாட்சியோடு பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த அமலநாதன் தன் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றார். அஞ்சலாட்சி அவரைப் பார்த்து, இந்த வயித்துக்கு நீ சட்டை போட்டுகினே இருந்திருக்கலாம் என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் லூர்துபிரகாஷுக்கு மூச்சே வந்தது.

வெளி பெஞ்சில் உட்கார்ந்து செம்மலுக்கு போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். மறுமுனையில் அவர் முதலில் பிள்ளை பிழைத்ததா என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். கழுத்தில் துணியோடு ஆள் உள்ளே போனான் என்று வெளியே தெரிந்தால் ஆடிட்டில் அறையை மூடுவார்கள், எல்லோர் வயிற்றிலும் மண் விழும், இதை நாம் நமக்குள் வைத்துக்கொள்ளலாம், நீ நாலு நாள் லீவு எடுத்துக்கொண்டு வா என்றார்.

"நான் இனிமே அந்த ரூமுக்குள்ள வரல சார். கேட்டுல போட்டுடுங்க."

"கான்ட்ராக்ட்டுடா பிரகாசு. யோசிச்சுதான் பேசறியா?"

"யோசிச்சுட்டேன் சார். நமக்குள்ள வச்சுக்கவும் முடியாது. இப்பவே எல்லாருக்கும் சொல்லிடப் போறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவன் வைத்துவிட்டான்.

முதலில் ஹரிகிருஷ்ணன். தராசுக்கு எதிர்ப்பக்கம் இவனோடு நிற்கிறவன். மனைவி பிரசவித்து இன்னும் மாதம் நிறையவில்லை. போனை எடுத்ததும், இன்னா மாமே ஞாயித்துக்கெழமல என்று ஆரம்பித்தான். லூர்துபிரகாஷ் சுற்றி வளைக்கவில்லை. கம்பெனி உடுப்புப் போடும்போது பேன்ட், ஜட்டி எல்லாம் மாற்றுகிறோமே, இடுப்பில் இருக்கிற கறுப்புக் கயிற்றை என்றைக்காவது மாற்றினாயா என்று கேட்டான். இல்லை என்றான் அவன். மாவு பட்ட பருத்திக் கயிறு என்ன செய்யும் என்று சொல்லி, அதை அறுத்துவிடு என்றான்.

ஹரிகிருஷ்ணன் சிரித்தான். "அரணாக்கவுற அறுக்க நான் இன்னா பொணமாடா? செத்தவனுக்குத்தான் அறுப்பாங்க."

"நீ இல்லடா. குழந்த."

சிரிப்பு நின்றது. என்ன ஆச்சு என்று கேட்டான். இவன் மதலேனைப் பற்றிச் சொன்னான். குரல் மாறியது, உதடு நீலமானது, இரண்டு ஊசி. எதையும் குறைக்காமல் சொன்னான். ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்தால் குழந்தையை வயிற்றின் மேல்தான் போட்டுக்கொள்வேன் என்றான் ஹரிகிருஷ்ணன், வேறு யாருடனோ பேசுகிற மாதிரி. பிறகு போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது கேட்டது.

"அடியே, கத்திரிக்கோல எங்க வச்ச? கேக்காத, எடுத்துனு வா. நீ கிட்ட வராத, அங்கயே வை."

பின்னால் குழந்தை அழுதது. லூர்துபிரகாஷ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தக் குரலைக் கவனித்துக் கேட்டான். கரகரப்பு இருக்கிறதா, இழுப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு மூச்சாகக் கேட்டான். கணீரென்று இருந்தது. அது ஓய்கிறவரை கேட்டுவிட்டு, அடுத்த நம்பரைத் தேடினான்.